முதலில் தராசு, அப்புறம் எண்ணெய்: வீட்டில் கோல்ட் ப்ராசஸ் சோப்பு செய்ய முழுமையான வழிகாட்டி

என் முதல் சோப்பு நாக்கைச் சுட்டது. பார்ப்பதற்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, வெள்ளை வெளேரென்று இருந்தது, ஆனால் கத்தியை வைத்ததும் வெட்டுப்படாமல் ஓரமெல்லாம் உதிர்ந்தது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. குறிப்பில் 500 கிராம் எண்ணெய் என்று இருந்ததை நான் அளவுக் குவளையில் 500 மில்லி என்று ஊற்றியிருக்கிறேன். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, 500 மில்லி எண்ணெயைத் தராசில் வைத்தால் சுமார் 460 கிராம்தான் காட்டும். குறைந்துபோன அந்த 40 கிராமுக்கும் சேர்த்து எடுத்து வைத்த காரம், அதாவது காஸ்டிக் சோடா, சேர்ந்துகொள்ள எண்ணெய் கிடைக்காமல் சோப்பிலேயே தங்கிவிட்டது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை செய்தாகிவிட்டது. சோப்பு கெட்டுப்போனதற்கான காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் தராசில்தான் போய் நிற்கும், இல்லாவிட்டால் என் அவசரத்தில். இந்தக் குறிப்பை அதனால் கொஞ்சம் கணக்கோடுதான் எழுதுகிறேன். கணக்கு பிடிக்காது என்பவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் அமைப்பு. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணீரில் கரைந்து வந்து அந்த மூன்றையும் கிளிசரினிடமிருந்து பிரித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்தது சோப்பு. தனியே விடப்பட்ட கிளிசரின் எங்கும் போகாமல் சோப்புக்குள்ளேயே இருந்துவிடும். இந்த வேலைக்கு வெளியிலிருந்து அடுப்புச் சூடு கொடுப்பதில்லை என்பதால்தான் கோல்ட் ப்ராசஸ் என்று பெயர், மற்றபடி அந்தக் கலவை குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள், வினை தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

எல்லாரும் கேட்கும் கேள்வி, காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்ய முடியாதா? முடியாது. ஏற்கெனவே செய்த சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றுவது ஒன்று உண்டு, அதில் காரத்தோடு மல்லுக்கட்டும் வேலையை வேறு யாரோ உங்களுக்கு முன்பே முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கணக்கு சரியாக இருந்தால் செய்து முடித்த சோப்பில் காரம் மிச்சம் இருக்காது, முழுக்க எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துபோயிருக்கும்.

என்னென்ன வேண்டும்

முதலில் தராசு. ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு போதும், சின்ன அளவில் செய்யப் போகிறீர்கள் என்றால் 0.1 கிராம் காட்டுவது இன்னும் நல்லது. கப், ஸ்பூன், மில்லி எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். எண்ணெய், காரம், தண்ணீர், வாசனை எண்ணெய் அத்தனையும் கிராமில்தான்.

பாத்திரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது சூடு தாங்கும் கெட்டியான பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. காரம் பட்டதும் அலுமினியம் பொங்கி ஹைட்ரஜன் வாயுவை விடும், பாத்திரமும் போகும், கலவையும் போகும், தீப்பற்றும் ஆபத்து வேறு. கண்ணாடிப் பாத்திரத்தையும் நான் கார நீருக்குப் பயன்படுத்துவதில்லை, காரம் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், பல முறை பயன்படுத்திய பிறகு ஒருநாள் சூடு தாங்காமல் விரிசல் விட்டுவிடலாம். ஸ்டீல் கரண்டி அல்லது சிலிகான் கரண்டி, ஒரு வெப்பமானி, கையில் பிடித்து அடிக்கும் ஹேண்ட் பிளெண்டர், சிலிகான் அச்சு. அச்சு இல்லையென்றால் மரப்பெட்டிக்குள் பட்டர் பேப்பர் விரித்தும் ஊற்றலாம். காலி ஜூஸ் அட்டைப்பெட்டியில் ஊற்ற நினைத்தால் உள்பக்கம் பளபளவென்று அலுமினியப் படலம் இருக்கிறதா என்று கிழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோப்புக்கென்று எடுத்த பாத்திரங்களைத் தனியாகவே வைத்துக்கொள்வது உத்தமம். மரக்கரண்டி வேண்டாம், காரம் அதை நார் நாராகப் பிரித்துவிடும்.

பிளெண்டர் இல்லாமல் கையால் கலக்கியும் செய்யலாம், அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ஆலிவ் எண்ணெய் அதிகமுள்ள கலவையைக் கையால் கலக்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். ஒருமுறை அந்த வீரத்தைக் காட்டிப் பார்த்தேன். போதும்.

காரத்தோடு பழகும் முறை

இந்தப் பகுதியைத் தாவிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள்.

காஸ்டிக் சோடா வெள்ளைத் துகளாகவோ செதிலாகவோ வரும். சுத்தமான சோடியம் ஹைட்ராக்சைடுதானா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள். சாக்கடை அடைப்பு எடுக்க விற்கும் சில பொடிகளில் அலுமினியத் துணுக்கும் வேறு இரசாயனங்களும் கலந்திருக்கும், அவை சோப்புக்கு ஆகாது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் இது, டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனால் திரும்பி வரும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஈரத்தை இழுத்த காரத்தில் எடையில் ஒரு பங்கு தண்ணீராகிவிடும், உங்கள் கணக்கும் தவறிவிடும்.

போட்டுக்கொள்ள வேண்டியவை: பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி (பார்வைக்குப் போடும் கண்ணாடி இதற்குப் போதாது), முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கால் மூடிய செருப்பு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கையில் ஒரு துளி தெறித்தால் முதலில் எரியாது, வழுவழுவென்று இருக்கும், அப்புறம்தான் அரிப்பு தொடங்கும். அந்த வழுவழுப்பு என்ன தெரியுமா? உங்கள் தோலில் உள்ள கொழுப்பே சோப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் பிடியுங்கள். காரத்துக்கு எதிர் அமிலம் என்று யாராவது வினிகரை ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள், காயத்தின் மேல் இன்னொரு வினையும் சூடும் எதற்கு? கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு தண்ணீரால் கழுவத் தொடங்குங்கள், 20 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும், அதற்குள் கூட இருப்பவர் மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யட்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேராக மருத்துவமனைதான்.

பாத்திரத்தில் முதலில் தண்ணீர், பிறகு அதில் காரம். இந்த வரிசை மாறவே கூடாது. காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்தக் கொஞ்சம் தண்ணீர் ஒரே நொடியில் கொதித்துக் காரத்தோடு சேர்ந்து முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.

எந்த எண்ணெய், எதற்கு

தேங்காய் எண்ணெய் கட்டியைக் கெட்டியாக்கும், நுரையை அள்ளித் தரும், அழுக்கையும் நன்றாக எடுக்கும். ஆனால் அழுக்கோடு நிற்காமல் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும், அதனால் மொத்த எண்ணெயில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஆலிவ் எண்ணெய் அதற்கு நேர் எதிர், தோலுக்கு மென்மை, நுரை கம்மி, தனியாகவே சோப்பு செய்தால் முதல் சில மாதங்களுக்குக் கொஞ்சம் கொழகொழப்பு இருக்கும், ஆறு மாதம் ஒரு வருடம் என்று காத்திருந்தால் அருமையாகிவிடும். பாமாயிலும் ஷியா பட்டர், கோகோ பட்டர் போன்றவையும் சோப்பு சீக்கிரம் கரைந்து போகாமல் பார்த்துக்கொள்ளும். விளக்கெண்ணெய் நுரையைத் தாங்கிப் பிடிக்கும், 5 சதவீதம் போதும், 10-ஐத் தாண்டினால் கட்டி பிசுபிசுக்கும்.

சூரியகாந்தி, சோயா போன்றவை கையில் இருக்கிறதே என்று நிறையப் போட்டால் சில மாதங்களில் சோப்பின் மேல் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வரும், கெட்டுப்போன எண்ணெய் வாசனையும் வரும். 10, 15 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கணக்கு

ஒவ்வொரு எண்ணெய்க்கும் அது முழுக்கச் சோப்பாக எவ்வளவு காரம் தேவை என்று ஒரு எண் உண்டு, ஆங்கிலத்தில் சாப் வேல்யூ என்பார்கள். ஒரு கிராம் எண்ணெய்க்கு இத்தனை கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு என்பதுதான் அதன் பொருள். தேங்காய் எண்ணெய்க்கு 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெய் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறது பாருங்கள், ஒரு குறிப்பில் உள்ள எண்ணெயை எடுத்துவிட்டு அதே எடைக்கு வேறு எண்ணெயைப் போட்டால் ஏன் எல்லாம் குழப்பமாகிறது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும்.

சில பட்டியல்களில் 257, 190, 180 என்று பெரிய எண்களாக இருக்கும். அவை பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மில்லிகிராமில் சொன்னவை. 1403-ஆல் வகுத்தால் நமக்கு வேண்டிய எண் வந்துவிடும்.

முதல் முறைக்கு நான் எல்லாருக்கும் சொல்வது 500 கிராம் எண்ணெய்தான். அதைவிடக் குறைத்தால் தராசில் ஒரு கிராம் தவறுவதுகூடப் பெரிய தவறாகிவிடும், கூட்டினால் கெட்டுப்போகும்போது வயிறு எரியும்.

தேங்காய் எண்ணெய் 150 கிராம் × 0.183 = 27.45
ஆலிவ் எண்ணெய் 325 கிராம் × 0.135 = 43.88
விளக்கெண்ணெய் 25 கிராம் × 0.128 = 3.20
ஆக மொத்தம் 74.53 கிராம் காரம்.

இது எண்ணெயில் ஒரு துளி மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் சோப்பாக்கிவிடும் அளவு. அப்படிச் செய்யக் கூடாது. எண்ணெய் இயற்கைப் பொருள், அந்த எண் ஒவ்வொரு விளைச்சலுக்கும் கொஞ்சம் ஏறி இறங்கும், நம் தராசும் அப்படி ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. அதனால் காரத்தில் 5 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டு அந்த அளவுக்கு எண்ணெயை மிச்சம் விடுகிறோம், இதற்கு சூப்பர்ஃபேட் என்று பெயர். 74.53 × 0.95 = 70.8 கிராம். உங்கள் தராசு ஒரு கிராம் துல்லியம்தான் என்றால் 70 எடுங்கள், 71 வேண்டாம். 70 எடுத்தால் மிச்சம் 6 சதவீதமாகும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

தண்ணீர், காரத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 142 கிராம். குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும், இரும்பு இருந்தால் சோப்பு சீக்கிரம் கெடும், ஆகவே காய்ச்சி வடித்த டிஸ்டில்டு வாட்டர்தான் நல்லது. சுண்ட வைத்த குழாய்த் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டரும் ஒன்றல்ல, வெறுமனே கொதித்தால் உப்புகள் உள்ளேயே இருக்கும்.

இணையத்தில் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும் கால்குலேட்டர்கள் நிறைய இருக்கின்றன, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் யாருடைய குறிப்பை எடுத்தாலும், அது என்னுடையதாகவே இருந்தாலும், ஒருமுறை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காரத்தை நிறுக்க வேண்டும். அச்சுப்பிழைக்குக் காரம் இரக்கம் காட்டாது.

இனி வேலை

எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பி, அச்சைத் தயாராக வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் எதையாவது தேட நேரம் இருக்காது.

கண்ணாடியும் கையுறையும் மாட்டியாயிற்றா? காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி 142 கிராம் தண்ணீரை நிறுத்துக்கொள்ளுங்கள். வேறொரு சின்ன, உலர்ந்த கிண்ணத்தில் காரத்தை நிறுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை ஜன்னலோரம் அல்லது வெளியே வைத்து, காரத்தை நாலைந்து தவணையாகத் தூவிக்கொண்டே மெதுவாகக் கலக்குங்கள். கலக்குவதை நிறுத்தினால் துகள்கள் அடியில் பாறை மாதிரி கட்டிக்கொள்ளும். தண்ணீர் பால் போலக் கலங்கும், ஆவி கிளம்பும், அந்த ஆவி தொண்டையில் பட்டால் கமறும், ஆகவே முகத்தை மேலே நீட்டிப் பார்க்க வேண்டாம். சூடு 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். சில நிமிடத்தில் கலங்கல் தெளிந்து கண்ணாடி போலாகிவிடும், அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் என்று யாரும் எடுத்துக் குடிக்காதபடி மூடி வைத்து, மேலே பெரிதாக எழுதியும் ஒட்டுங்கள்.

அது ஆறும் நேரத்தில் எண்ணெய்களை நிறுங்கள். தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் லேசாகச் சூடு காட்டி உருக்கிவிட்டு மற்றவற்றைச் சேருங்கள். கார நீரும் எண்ணெயும் இரண்டுமே 35 முதல் 45 டிகிரிக்குள் வர வேண்டும். இரண்டும் துல்லியமாக ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்று சிலர் மணிக்கணக்கில் வெப்பமானியோடு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவு தேவையில்லை, ஐந்து டிகிரி முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் ஆகாது. எண்ணெய் ரொம்ப ஆறிவிட்டால்தான் சிக்கல், கெட்டி எண்ணெய்களும் பட்டர்களும் கலவையிலேயே உறைய ஆரம்பித்து, சோப்பு சேர்ந்துவிட்டது போல நம்மை ஏமாற்றும்.

சரி, இப்போது கார நீரை எண்ணெய்க்குள் மெதுவாக ஊற்றுங்கள். பிளெண்டரை இயக்குவதற்கு முன் அதன் தலையைச் சாய்த்து உள்ளே இறக்கி, அடியில் இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று குமிழ் குமிழாக வெளியேறும், இதைச் செய்யாவிட்டால் அந்தக் காற்றெல்லாம் சோப்புக்குள் ஓட்டைகளாக உட்கார்ந்துகொள்ளும். பத்துப் பதினைந்து நொடி அடியுங்கள், அப்புறம் இயக்கத்தை நிறுத்திவிட்டு பிளெண்டரையே கரண்டி மாதிரி வைத்துக் கலக்குங்கள், மறுபடி அடியுங்கள். சுழலும் தலை எப்போதும் கலவைக்குள் முழுகியே இருக்கட்டும், பாதி வெளியே வந்தால் சுவரெல்லாம் கோலம்தான்.

முதலில் எண்ணெய் தனியாக மஞ்சளாகக் கோடு கோடாகத் தெரியும். பிறகு கோடுகள் மறைந்து ஒரே நிறமாக வெளுக்கும். இன்னும் கொஞ்சம் அடித்ததும் கலவையின் ஓசையே மாறும், சளசளவென்று இருந்தது கனத்துப்போகும். அப்போது பிளெண்டரை நிறுத்திவிட்டுத் தூக்கி, அதிலிருந்து ஒழுகுவதைக் கலவையின் மேலேயே விடுங்கள். விழுந்த கோடு உடனே முழுகிப் போனால் இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு நொடி மேலே நின்று, தடம் காட்டிவிட்டு, மெல்ல அமிழ்ந்தால் அதுதான் டிரேஸ், நமக்கு வேண்டிய பதம். கஞ்சி மாதிரி ஓடும் பதம் வரைக்கும் போதும், களி மாதிரி ஆகிவிட்டால் அச்சில் ஊற்ற வராது, அள்ளிப் போட்டு அமுக்க வேண்டியதுதான். இந்தக் கலவைக்குச் சாதாரணமாக ஐந்து பத்து நிமிடத்தில் பதம் வந்துவிடும்.

வாசனை, நிறம் எது சேர்ப்பதானாலும் மெல்லிய பதத்தில் சேர்த்து, பிளெண்டரை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் கலக்குங்கள். பிறகு அச்சில் ஊற்றி, அச்சைத் தூக்கி மேஜையில் நாலு தட்டுத் தட்டிக் காற்றை வெளியேற்றி, மேலே அட்டையால் மூடி, ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள்.

சில மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் நடுப்பகுதி வாஸ்லின் மாதிரி கண்ணாடித்தன்மையோடு தெரியலாம். பயப்பட வேண்டாம், ஜெல் நிலை என்பார்கள், வினையின் சூட்டில் அப்படி ஆகிறது. முழுக்க ஜெல் ஆனாலும் நல்ல சோப்பு, ஆகாவிட்டாலும் நல்ல சோப்பு, நிறம்தான் கொஞ்சம் மாறும். நடுவில் மட்டும் ஆகி ஓரத்தில் ஆகாமல் விட்டால் வெட்டும்போது வட்டமாக ஒரு நிழல் தெரியும், பார்க்க நன்றாக இருக்காது, குளிக்க ஒரு குறையும் இல்லை.

பாத்திரம் கழுவும் விஷயத்தில் ஒரு சோம்பேறி வழி சொல்கிறேன். அப்போதே கழுவாதீர்கள். கையுறையோடு காகிதத்தால் வழித்துவிட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் ஒட்டியிருப்பதெல்லாம் சோப்பாகியிருக்கும், தண்ணீர் ஊற்றினால் தானே நுரைத்துக்கொண்டு போய்விடும்.

வாசனையும் நிறமும்

முதல் முறைக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். வெறும் சோப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால்தான், அடுத்த முறை ஏதாவது தப்பும்போது தப்பு எதனால் என்று சொல்ல முடியும்.

அப்புறம் சேர்ப்பதென்றால், வாசனை எண்ணெயை எண்ணெய் எடையில் 3 சதவீதத்துக்குள், அதாவது 500 கிராமுக்கு 15 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிராம்பு, இலவங்கப்பட்டை போன்றவை தோலை எரிக்கும், அவற்றை அதைவிட மிகக் குறைவாக, இருந்தும் இல்லாத மாதிரிதான் போட வேண்டும். கிராம்பு எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு, ஊற்றிய சில நொடிகளில் கலவை கட்டையாக இறுகி, கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். பூ வாசனைகள் பலவும் இதே வேலையைக் காட்டும். ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை செய்யும்போது வீடு முழுக்க மணக்கும், ஒரு மாதத்தில் போன இடம் தெரியாது. வனிலா கலந்த வாசனைகள் சோப்பைப் பழுப்பாக்கும்.

நிறத்தில் காரம் செய்யும் குறும்பு தனிக் கதை. பீட்ரூட் சாற்றை ஊற்றி இளஞ்சிவப்பை எதிர்பார்த்தால் பழுப்புதான் கிடைக்கும். மஞ்சள் தூள் காரத்தில் பட்டதும் சிவக்கும், போகப் போக ஆரஞ்சும் மஞ்சளுமாக அடங்கும், வெயில் பட்டால் வெளுக்கும். களிமண் வகைகள், கரித்தூள், அயர்ன் ஆக்சைடு நிறமிகள் ஆகியவை நிலைத்து நிற்கும். உலர்ந்த லாவெண்டர் பூவைச் சோப்புக்குள் போட்டால் சில நாளில் எலிப் புழுக்கை மாதிரி ஆகிவிடும், சொன்னால் நம்பாமல் போட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

தேன், பால், சர்க்கரை மூன்றும் சூட்டை ஏற்றும். பால் என்றால் ஐஸ் கட்டியாக உறைய வைத்து, காரத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கருகி ஆரஞ்சாகி நாறும். இவை சேர்ந்த சோப்புக்குத் துண்டு சுற்ற வேண்டாம், எரிமலை மாதிரி பொங்கி அச்சைவிட்டு வெளியே வந்துவிடும். பழச்சாறு, காய்கறி விழுது பக்கமே முதல் சில முறை போகாதீர்கள்.

வெட்டுவது, சோதிப்பது

ஒரு நாள் கழித்துக் கையுறையோடு ஓரத்தை அழுத்திப் பாருங்கள். ஆலிவ் எண்ணெய் அதிகம் என்பதால் இந்தச் சோப்பு இரண்டாவது நாள்தான் அச்சைவிட்டு ஒழுங்காக வரும். விரல் பதிந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். ரொம்ப நாள் விட்டாலும் வெட்டும்போது விரிசல் விடும். நேரான மெல்லிய கத்தி போதும், ஏழு கட்டிகள் வரும்.

மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அது மிஞ்சிய காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உண்டான சோடியம் கார்பனேட். ஆபத்தில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போகும். உள்ளே எண்ணெய் தேங்கிய குழிகளோ, வெள்ளைக் காரக் கட்டிகளோ தெரிந்தால் கதை வேறு, பதம் வருவதற்கு முன்பே ஊற்றியிருக்கிறீர்கள், அந்தக் கட்டியைக் குளிக்க எடுக்காதீர்கள்.

மூன்று நாள் கழித்து நாக்குச் சோதனை. ஈரமான விரலைச் சோப்பில் தேய்த்து, நாக்கின் நுனியில் லேசாகத் தொடுங்கள். சோப்பு ருசி வந்தால் சரி. பேட்டரி முனையை நாக்கில் வைத்தது போலச் சுருக்கென்று அடித்தால் காரம் மிச்சமிருக்கிறது. இரண்டு வாரம் விட்டு மறுபடி பாருங்கள், அப்போதும் அடித்தால் குப்பைக்குத்தான். சோப்பின் பி.எச். இயல்பாகவே 9, 10 என்று இருக்கும், அதை 7-க்குக் கொண்டுவருகிறேன் என்று எலுமிச்சைச் சாறு ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அமிலம் காரத்தோடு முதலில் போய்ச் சேர்ந்துகொள்வதால் சோப்பாகாத எண்ணெய்தான் மிஞ்சும்.

காத்திருப்பு

சோப்பாகும் வினை முதல் ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும், அப்படியானால் நாலு வாரம், ஆறு வாரம் என்று எதற்கு வைத்திருக்க வேண்டும்? தண்ணீர் போக வேண்டும். நாம் ஊற்றிய மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அது உள்ளே இருக்கும்வரை சோப்பு குளியலறையில் இரண்டு நாளில் கரைந்து கூழாகிவிடும். நாள் ஆக ஆகச் சோப்பின் உள்ளமைப்பும் இறுகும், நுரையும் கூடும், தோலுக்கும் இதமாகும்.

கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், காற்று நாலு பக்கமும் படும்படி, வெயில் படாத இடத்தில் துளையுள்ள தட்டிலோ காகிதம் விரித்த மரப்பலகையிலோ அடுக்குங்கள், வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள். இரும்புக் கம்பித் தட்டு வேண்டாம், படும் இடத்தில் ஆரஞ்சுப் புள்ளி வரும். டப்பாவில் போட்டு மூடவும் வேண்டாம்.

எத்தனை வாரம் என்று நாள்காட்டியை நம்புவதைவிடத் தராசை நம்புவேன். வெட்டிய அன்றே ஒரு கட்டியின் அடியில் குச்சியால் கீறி அடையாளம் வைத்து, அதன் எடையைத் தேதியோடு எழுதி வையுங்கள். என்னிடம் இப்போது பலகையில் இருப்பது வெட்டிய அன்று 101 கிராம், முதல் வாரத்தில் 97, இரண்டாவது வாரத்தில் 94, அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு கிராம் போல இறங்கிக்கொண்டு வருகிறது, நேற்று நிறுத்தபோது 91. அடுத்தடுத்த இரண்டு வாரம் எண் மாறாமல் நின்றால் எடுத்துக் குளிக்கலாம். இது இன்னும் நிற்கவில்லை.